மான்டி கிறிஸ்டோ சுரங்க ரயில் தடம் வழியே சில்வர் ஏரிக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடருக்குள் மான்டி கிறிஸ்டோ என்ற கைவிடப்பட்ட சுரங்க ஊர் இருக்கிறது. அந்த ஊர் வரை ரயில் ஓடிய தடத்தில் நடந்து, அங்கிருந்து செங்குத்தாக ஏறி, பூடில் டாக் கணவாய்க்கு அப்பால் இருக்கும் சில்வர் ஏரியை அடைவதே இந்தப் பயணம். திட்டமிடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

எவ்வளவு தூரம்? எவ்வளவு ஏற்றம்?

கார் நிற்கும் இடம் பார்லோ கணவாய். அதன் உயரம் சுமார் 2,360 அடி. அங்கிருந்து மான்டி கிறிஸ்டோ ஊருக்கு 4 மைல், அதாவது ஆறரை கிலோமீட்டர். ஊரிலிருந்து ஏரிக்கு ஏறக்குறைய 2 மைல். போக வர மொத்தம் 12 மைல், சுமார் 19 கிலோமீட்டர். பூடில் டாக் கணவாயின் உச்சி 4,350 அடி. ஏரி அதற்குச் சற்றே கீழே, மறுபக்கத்தில் இருக்கிறது.

ரயில் பாதை என்றாலே சமதளம்தானே? இதை ஏன் கடினமான பயணம் என்கிறார்கள்?

முதல் 4 மைலில் ஏற்றம் வெறும் 400 அடி. நூறு அடி நடந்தால் இரண்டடிகூட உயர மாட்டீர்கள். நீராவி என்ஜின் தாதுப் பெட்டிகளை இழுத்துச் செல்லவேண்டிய பாதை அது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் ஏற வேண்டுமானால் சரிவு அப்படித்தான் இருக்க முடியும். அதனால் காலையில் நடப்பது சுகமாக இருக்கும். பேசிக்கொண்டே போகலாம், அடிக்கடி நின்று படம் எடுக்கலாம், சாப்பிட உட்காரலாம்.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். ரயில் நின்ற ஊரைத் தாண்டியதும் 2 மைலுக்கும் குறைவான தூரத்தில் ஏறத்தாழ 1,550 அடி ஏற வேண்டும். நூறடிக்குப் பதினேழடி. வேர்களும் உருண்டு வந்த கற்களும் மழைநீர் அரித்த பள்ளங்களும் நிறைந்த அந்தத் தடம், பல இடங்களில் வற்றிப்போன ஓடையைப் போலத்தான் இருக்கும். முதல் பாதியில் தூரத்தின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. உழைப்பின் பெரும்பகுதி அப்படியே மிச்சம் இருக்கிறது. "நான்கு மைலை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டோம், மீதி இரண்டு மைல் முக்கால் மணி நேரம்" என்று கணக்குப் போடுகிறவர்கள் கணவாய்க்குக் கீழே மூச்சு வாங்கி நிற்பார்கள். திட்டமிடும்போது ரயில் தடத்தைப் பயணத்தின் முன்னுரையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உணவு, நேரம், தண்ணீர், கால் வலிமை எல்லாவற்றையும் ஊருக்கு அப்பால் இருக்கும் ஏற்றத்தை மனதில் வைத்துத்தான் ஒதுக்க வேண்டும்.

தண்டவாளம் இன்னும் இருக்கிறதா?

நீங்கள் நடக்கும் பகுதியில் இல்லை. 1930-களில் ரயில் கைவிடப்பட்டு, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பிறகு அதே தடம் பெரும்பாலும் கார் சாலையாக மாறியது. இன்று நடப்பது அந்தச் சாலையின் எச்சத்தில்தான். ஆனாலும் தடத்தை எளிதில் அடையாளம் காணலாம்: மலைச்சரிவை வெட்டி ஒரே சீராக அமைத்த மேடை, திடீர்த் திருப்பம் இல்லாத நீண்ட வளைவுகள், ஓடைகள் வரும் இடங்களில் உயர்த்திய கரைகள். ஊருக்குள் என்ஜினைத் திருப்பி நிறுத்தப் பயன்பட்ட சுழல்மேடையின் இரும்பு இன்னும் இருக்கிறது. ரயில் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் அதன் அருகில் கால் மணி நேரமாவது நிற்பார்கள். நிற்கட்டும், ஆனால் அந்தக் கால் மணி நேரத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே ரயில் பாதை, மேற்கே கிரானைட் பால்ஸ் ஊருக்கு அருகில் ஸ்டில்லகுவாமிஷ் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகச் சென்றது. அங்கே பாறையைக் குடைந்த சுரங்கப்பாதைகளும், சிமென்ட் காரைக்குள் பதித்த குறுக்குக் கட்டைகளின் தடயங்களும் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கடி நிலச்சரிவு ஏற்படும் என்பதால், போவதற்கு முன் பாதை திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இவ்வளவு உள்ளே ஏன் ரயில் போட்டார்கள்?

1889-ஆம் ஆண்டு கோடையில் ஜோசப் பியர்சால் என்ற தாது தேடுபவர் சில்வர் கிரீக் பக்கமிருந்து மலை மீது ஏறி, எதிர்ச்சரிவில் மின்னும் தாதுப் பட்டையைக் கண்டார். தங்கமும் வெள்ளியும் கலந்த தாது. செய்தி பரவியது, முதலீட்டாளர்கள் வந்தார்கள். எண்ணெய்த் தொழிலில் பெரும் செல்வரான ஜான் டி. ராக்பெல்லரின் பணமும் இதில் இறங்கியது. தாதுவைக் கழுதை மேல் ஏற்றி வெளியே கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. அதனால் கடற்கரையில் எவரெட் நகரமும் அங்கே ஒரு உருக்காலையும் உருவாயின. ஆலையையும் மலையையும் இணைக்க எவரெட் - மான்டி கிறிஸ்டோ ரயில் பாதை போடப்பட்டது. 1893-இல் ரயில் ஊரை எட்டியது. உயரத்தில் இருந்த சுரங்கங்களிலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகள் தாதுவைக் கீழே இறக்கின, கீழே ரயில் காத்திருந்தது. ஊரில் விடுதிகளும் கடைகளும் எழுந்தன. விடுதி நடத்தியவர்களில் ஒருவர் பிரெடரிக் டிரம்ப், பின்னாளில் அமெரிக்க அதிபரான டொனால்ட் டிரம்பின் தாத்தா.

ஆனால் தாது மேற்பரப்புக்கு அருகில்தான் வளமாக இருந்தது. ஆழம் போகப் போக மதிப்பு குறைந்தது. அதைவிடப் பெரிய எதிரி ஆறு. பாதை போடும்போதே வெள்ளம் வேலையை அடித்துச் சென்றது. 1897 நவம்பர் வெள்ளம் பள்ளத்தாக்கில் ரயில் பாதையைச் சிதைத்து, சுரங்கங்களை வெளியுலகத்திலிருந்து துண்டித்தது. சரிசெய்தார்கள், மீண்டும் ஓட்டினார்கள், மீண்டும் வெள்ளம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகள் முடிவதற்குள் சுரங்கத் தொழில் ஏறக்குறைய ஓய்ந்துபோனது. பிறகு சுற்றுலாப் பயணிகள் கார்களில் வந்துகொண்டிருந்தார்கள். 1980 டிசம்பர் வெள்ளம் அந்தச் சாலையையும் அறுத்தது. அன்று முதல் நடந்துதான் போக வேண்டும்.

இந்த வரலாற்றை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரயிலையும் சாலையையும் வென்ற அதே ஆறுதான் உங்கள் திட்டத்தையும் தீர்மானிக்கப் போகிறது.

ஆற்றை எப்படிக் கடப்பது?

பார்லோ கணவாயிலிருந்து சுமார் ஒரு மைலில் சாக் ஆற்றின் தெற்குக் கிளையைக் கடக்க வேண்டும். பழைய சாலைப் பாலத்தை நம்பி வராதீர்கள். ஆற்றின் குறுக்கே விழுந்து கிடக்கும் பெரிய மரத்தின் மீது நடந்து கடப்பதுதான் பல ஆண்டுகளாக வழக்கம். எந்த மரம், எவ்வளவு உறுதி, எவ்வளவு உயரம் என்பது வெள்ளத்துக்கு வெள்ளம் மாறும். கடந்த ஆண்டு எடுத்த படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் போய்வந்தவர்களின் குறிப்புகளைப் படியுங்கள், வெர்லட்டில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

மரத்தில் ஏறும்முன் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உடனே உதற முடிய வேண்டும். கட்டிய பை உங்களைத் தண்ணீருக்குள் பிடித்து வைத்துவிடும். மரம் ஈரமாகவோ பனிப்பொருக்கு படிந்தோ இருந்தால் நின்றபடி நடக்காதீர்கள். இருபுறமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நகர்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மரத்துக்குக் கீழே, நீரோட்டம் போகும் திசையில் என்ன இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். கிளைகளும் கட்டைகளும் சிக்கிக் குவிந்திருந்தால் அங்கே கடக்கக் கூடாது. தண்ணீர் அதன் ஊடாகப் போய்விடும், மனிதர் சிக்கிக்கொள்வார்.

மரம் இல்லாவிட்டால் இறங்கிக் கடக்கலாமா என்று கேட்பார்கள். கோடைக் கடைசியில், நீர் முழங்காலுக்குக் கீழே தெளிவாக ஓடும்போது, அனுபவமுள்ளவர்கள் கடப்பார்கள். நீர் கலங்கி, அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டால் திரும்பிவிடுங்கள். வெயில் நாளில் மலைப்பனி உருகுவதால், பிற்பகலில் ஆறு காலையைவிட உயரும் என்பதையும் மறக்காதீர்கள். காலையில் எளிதாகக் கடந்த இடத்தில் மாலையில் நின்று யோசிக்க நேரலாம்.

எந்த மாதம் நல்லது?

ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை. அதற்கு முன் கணவாய்ப் பகுதியில் பனி கிடக்கும், தடம் தெரியாது. என் தேர்வு செப்டம்பர் முதல் பாதி. கொசுவும் கடிக்கும் ஈயும் அடங்கிவிடும், ஆறு தாழ்ந்திருக்கும், காட்டு ஹக்கிள்பெரி பழுத்துக் கிடக்கும், மாதக் கடைசியில் அதன் இலைகள் சரிவு முழுவதும் சிவக்கும். ஆனால் பகல் சுருங்கத் தொடங்கிவிடும். ஜூலைக் கடைசியில் 15 மணி நேரமாக இருக்கும் பகல், செப்டம்பர் கடைசியில் 12 மணி நேரமாகக் குறைந்திருக்கும்.

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் காட்டுத்தீப் புகை வரக்கூடும். காற்றின் தரக் குறியீடு 150-ஐத் தாண்டினால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். இப்படிப்பட்ட ஏற்றத்தில் சாதாரணமாக இழுப்பதைவிடப் பல மடங்கு காற்றை இழுப்பீர்கள். அக்டோபர் முதல் மழையும் வெள்ளமும். குளிர்காலத்தில் மலைச்சாலையின் கதவு டியர் கிரீக் அருகிலேயே மூடப்படும். பார்லோ கணவாய்க்குக் காரில் போகவே முடியாது.

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் நல்ல தொடக்கம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இங்கே அதைப் பகுதி பகுதியாகப் போட வேண்டும். பார்லோ முதல் ஊர் வரை ஒன்றே முக்கால் மணி நேரம் (ஆற்றைக் கடக்கும் நேரம் உட்பட). ஊரிலிருந்து ஏரிக்கு விதிப்படி ஒன்றரை மணி நேரத்துக்குள் வரும். ஆனால் தடம் கரடுமுரடானது, அதனால் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஏரியில் ஒரு மணி நேரம். திரும்ப மூன்றரை மணி நேரம். ஆக எட்டு மணி நேரத்துக்கு மேல்.

இறங்குவதற்கு ஏறும் நேரத்தில் பாதி போதும் என்று நினைப்பது இந்தத் தடத்தில் பொய்த்துவிடும். உருளும் கல்லும் வேரும் உள்ள சரிவில் இறங்கும்போதுதான் கணுக்கால் பிசகும், முழங்கால் நடுங்கும். காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். பிற்பகல் ஒரு மணிக்குக் கணவாயை எட்டவில்லை என்றால் எங்கே இருந்தாலும் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எடுக்கும் முடிவு பெரும்பாலும் நல்ல முடிவாக இருக்காது.

உடலை எப்படித் தயார் செய்வது?

எட்டு வாரம் போதும், ஒழுங்காகச் செய்தால். வாரம் இருமுறை, ஏழெட்டுக் கிலோ எடையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். வாரக் கடைசியில் ஒரு நீண்ட நடை, வாரம்தோறும் சற்றுக் கூட்டி. பயணத்துக்கு முன் ஒரே நாளில் 15 கிலோமீட்டர் நடந்து, 500 மீட்டர் ஏறி, மறுநாள் சாதாரணமாக எழ முடிந்தால் தயார். சமதளத்தில் மட்டும் நடந்து பழகியவர்களுக்கு ரயில் தடம் எளிதாக இருக்கும். கணவாய் எளிதாக இருக்காது.

ட்வின் ஏரிகள் வரை ஒரே நாளில் போகலாமா?

போக வர 17 மைல், மொத்த ஏற்றம் சுமார் 3,500 அடி. வலுவான கால்கள் உள்ளவர்கள் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரத்தில் முடிப்பார்கள். அங்கே போகும் தடம் பூடில் டாக் கணவாயில் பிரிந்து முகட்டின் மீது போகிறது. பல இடங்களில் குறுகலானது, சில இடங்களில் மங்கலானது. மூடுபனியில் வழி தவறுவது எளிது. கொலம்பியா சிகரத்தின் அடியில் இரண்டு ஏரிகளும் கிடக்கும் காட்சி இந்த மலைத்தொடரின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று என்பேன், அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வருவது அதற்குச் செய்யும் நியாயம் அல்ல. முதல்முறை போகிறவர்கள் சில்வர் ஏரியோடு நிறுத்துங்கள். ட்வின் ஏரிகள் வேண்டுமென்றால் ஓர் இரவு தங்குங்கள்.

இரவு தங்கும்போது என்ன விதிகள்?

கணவாய்க்கு அப்பால் ஹென்றி எம். ஜாக்சன் வனப் பாதுகாப்புப் பகுதி, 1984-இல் அறிவிக்கப்பட்டது. குழுவில் 12 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சைக்கிள், டிரோன் இரண்டுக்கும் அனுமதி இல்லை. கூடாரத்தை ஏற்கெனவே பலர் தங்கித் தேய்ந்த வெற்று நிலத்தில் போடுங்கள். இந்த உயரத்தில் கோடை சில வாரங்கள்தான். மிதிபட்ட செடி மீண்டும் துளிர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். நெருப்பு மூட்டாமல் சிறிய எரிவாயு அடுப்பில் சமையுங்கள். கழிவைத் தண்ணீரிலிருந்து 200 அடிக்கு அப்பால், அரையடி ஆழத்தில் புதையுங்கள், காகிதத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கருங்கரடிகள் உண்டு. உணவையும் பற்பசையையும் கரடி திறக்க முடியாத டப்பாவில் வைத்துக் கூடாரத்திலிருந்து தள்ளி வையுங்கள். மலையாடுகள் வந்தால் நெருங்க விடாதீர்கள். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள உப்புக்காக அவை மனிதர்களைத் தேடி வரும். கொம்பு கூர்மையானது.

வழியில் தண்ணீர் கிடைக்கும்தானே? வடிகட்டி இருந்தால் போதாதா?

இந்தப் பயணத்தில் எல்லோரும் கவனிக்கவேண்டிய கேள்வி இது. மான்டி கிறிஸ்டோவின் தாதுவில் தங்கம், வெள்ளியோடு ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளும் மிகுதியாக இருந்தது. தாதுவைப் பொடித்துப் பிரித்த பிறகு எஞ்சிய கழிவு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மலையிலேயே கிடந்து, மழையில் கரைந்து கொண்டிருந்தது. எவரெட் உருக்காலை இருந்த இடத்திலும் இதே ஆர்சனிக்கால் வீடுகளின் தோட்டத்து மண்ணைக்கூட அகற்ற வேண்டியிருந்தது. 2010-களில் அமெரிக்க வனத்துறை மான்டி கிறிஸ்டோவில் பெரிய துப்புரவுப் பணி நடத்தி, மாசடைந்த கழிவைத் திரட்டி மூடிப் புதைத்தது. ஆனாலும் எல்லாச் சரிவுகளும் தூய்மையாகிவிட்டன என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடைப்பயணிகள் வைத்திருக்கும் சாதாரண வடிகட்டி பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற நுண்ணுயிர்களையும்தான் தடுக்கும். கரைந்திருக்கும் ஆர்சனிக் அதன் வழியே அப்படியே வரும். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும். ஆகவே ஊரைச் சுற்றியும் சுரங்கச் சரிவுகளுக்குக் கீழேயும் ஓடும் எந்த ஓடையிலிருந்தும் குடிக்காதீர்கள். மூன்று லிட்டர் தண்ணீரைத் தொடக்கத்திலிருந்தே சுமந்து செல்லுங்கள். எடைதான், ஆனால் முதல் 4 மைல் சமதளம். கணவாயைத் தாண்டி சில்வர் ஏரியை அடைந்த பிறகு அந்த நீரை வடிகட்டிக் கொள்ளலாம். அது வேறு பள்ளத்தாக்கின் நீர்.

மஞ்சளாகவோ துரு நிறமாகவோ புல் முளைக்காமல் கிடக்கும் மண்மேடுகளில் உட்காராதீர்கள். சாப்பிடும்முன் கையைக் கொண்டுவந்த தண்ணீரில் கழுவுங்கள்.

சுரங்க வாய்க்குள் சற்று எட்டிப் பார்க்கலாமா?

கூடாது. தாங்கு மரங்கள் நூறாண்டுக்கு மேல் இற்றுப்போனவை. உள்ளே ஆக்சிஜன் குறைந்த காற்று தேங்கி நிற்கும், வாசனையால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. தரையில் தேங்கிய நீர் என்று நினைப்பது பல அடி ஆழக் குழியாக இருக்கலாம்.

துருப்பிடித்த ஒரு தண்டவாள ஆணியை நினைவாக எடுத்துக்கொண்டால் என்ன?

சட்டப்படி குற்றம். அரசு நிலத்தில் உள்ள நூறாண்டுக்கு மேற்பட்ட பொருள்களைத் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் (1979) காக்கிறது. ஆணி இருந்த இடத்தில் இருந்தால்தான் அங்கே தடம் போயிற்று என்று அடுத்தவருக்குத் தெரியும். மேசை மீது வைத்தால் அது வெறும் இரும்பு. பழைய வெடிமருந்துக் குப்பிகள் போல எதையாவது கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஊரில் சில மரவீடுகள் இன்றும் தனியாருக்குச் சொந்தமானவை. அவற்றின் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

ஊர் வரை சைக்கிளில் போகலாமா?

பழைய சாலையில் ஓட்டுகிறவர்கள் உண்டு, நேரமும் மிச்சமாகும். ஆனால் ஆற்றின் மேல் கிடக்கும் மரத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அக்கரைக்குக் கொண்டுபோக முடியாத நாளில் இக்கரையில் ஒரு மரத்தில் பூட்டிவிட்டு நடங்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா? நாய்?

ஆறு அனுமதித்தால், எட்டு ஒன்பது வயதுக் குழந்தைகள் ஊர் வரை மகிழ்ச்சியாக நடந்து திரும்புவார்கள். அதுவே 8 மைல். கணவாய் ஏற்றம் பதின்வயதுக்காரர்களுக்கு ஏற்றது. நாயைக் கயிற்றில் வைத்திருக்க வேண்டும், மரத்தைக் கடக்க நாய் மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். தேங்கிய சுரங்க நீரை நாய் குடித்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் போவது? கட்டணம் உண்டா?

சியாட்டிலிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கிரானைட் பால்ஸ் ஊரைத் தாண்டி மவுன்டன் லூப் நெடுஞ்சாலையில் சுமார் 30 மைல் போனால் பார்லோ கணவாய். பஸ் இல்லை. பெட்ரோலை கிரானைட் பால்ஸிலேயே நிரப்புங்கள். கார் நிறுத்த வடமேற்கு வன அனுமதிச் சீட்டு வேண்டும்: ஒரு நாளுக்கு 5 டாலர், ஆண்டுக்கு 30 டாலர். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டுச் சீட்டு இருந்தால் அதுவே போதும். விலையுயர்ந்த எதையும் காரில் விட்டுச் செல்லாதீர்கள். கோடைச் சனி, ஞாயிறுகளில் வண்டி நிறுத்தும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள் என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

செல்பேசி வேலை செய்யுமா?

பார்லோவில் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காகித வரைபடமும் இருக்கட்டும். எங்கே போகிறீர்கள், எந்த வழி, எத்தனை மணிக்குள் தொடர்பு கொள்வீர்கள் என்பதை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். அந்த நேரம் தாண்டினால் அவர் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாஷிங்டனில் மலையில் காணாமல்போனவர்களைத் தேடும் பொறுப்பு அந்தந்த மாவட்ட ஷெரிப்புடையது. இது ஸ்னோஹோமிஷ் மாவட்டம். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி வைத்திருந்தால் நல்லது. ஆனால் உதவி வந்து சேரப் பல மணி நேரம் ஆகும் என்று நினைத்தே பையைக் கட்டுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

மழைச்சட்டை, கம்பளி அல்லது செயற்கை இழை மேலாடை (பருத்தி வேண்டாம், நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும்), தலைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள், கூடுதலாக ஒரு வேளை உணவு, விசில், தீப்பெட்டி, மெல்லிய வெப்பப் போர்வை. ஊன்றுகோல் இரண்டு. ஏறும்போது உதவுவதைவிட இறங்கும்போது அவை முழங்காலைக் காக்கும். ஆற்றில் இறங்க நேர்ந்தால் மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி காலுறை. ஜூலையில் போகிறவர்கள் காலணியில் மாட்டும் சிறு இரும்புப் பற்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வழிவிடவில்லை என்றால் அந்த நாள் வீணா?

இல்லை. ஆற்றைக் கடக்கும் இடத்துக்குச் சற்று முன்பே, சாலையின் ஒரு மைல் அளவில், காதிக் பேசின் என்ற மலைப்பள்ளத்துக்குப் போகும் தடம் பிரிகிறது. அதுவும் சுரங்கங்களுக்குப் போன பழைய பாதைதான், மேலே இரும்புச் சாமான்கள் இன்றும் கிடக்கின்றன. பனிப்பாறை வழித்து மழமழப்பாக்கிய பாறைத் தளங்களுக்கு நடுவே ஃபாகி ஏரி இருக்கிறது. போக வர ஏறத்தாழ 9 மைல், ஏற்றம் 2,800 அடிக்கு மேல். தூரம் குறைவு, ஆனால் சில்வர் ஏரித் தடத்தைவிடக் கடுமையானது. செங்குத்தான ஓடைப் பள்ளங்களில் ஆகஸ்ட் வரைகூடப் பனி கிடக்கும். அடியில் தண்ணீர் ஓடி ஓடிப் பனி உள்ளீடற்ற கூரையாக நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, கால் வைத்தால் உடையும். பனிக்கோடரியும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் இல்லாதவர்கள் அந்தப் பள்ளங்களில் பனியைக் கண்டதும் திரும்பிவிட வேண்டும்.

அதுவும் முடியாத நாளில் மவுன்டன் லூப் சாலையில் மேற்கே திரும்பி வரும்போது பிக் ஃபோர் மலையடிவாரப் பாதையில் நடக்கலாம். சுரங்க ரயில் பின்னாளில் சுற்றுலாப் பயணிகளை இறக்கிவிட்ட விடுதி அங்கேதான் இருந்தது, 1949-இல் எரிந்துபோனது. மலையடியில் உள்ள பனிக்குகைகளைத் தூரத்திலிருந்து மட்டும் பாருங்கள். உள்ளே போனவர்களும் அருகில் நின்றவர்களும் குகை இடிந்து இறந்திருக்கிறார்கள், அறிவிப்புப் பலகைக்கு அப்பால் ஓரடிகூட வைக்காதீர்கள்.